வார் யாரு டிபார்ட்மெண்ட்டு?

படி பாத்து வாம்மா. கொஞ்சம் ஒசரம். வர்றவங்கள்ல பாதிப் பேரு அதுல இடிச்சுக்கிட்டுத்தான் உள்ள வருவாங்க. அந்தா அந்த பிளாஸ்டிக் சேர்ல உக்காரு. ஐயோ, அதுல இல்ல, அது சிம்மாசனம். அதுல ஒரு காலு தெர்மாகோல். போன வாரம் ஒரு ராஜா உக்காந்து மல்லாந்துட்டாரு.

சொல்லு, என்ன வேணும்? துப்பாக்கியா? எந்தப் படத்துக்கு? அசிஸ்டெண்ட் டைரக்டரா நீ? ரொம்ப சந்தோஷம்மா. என் பேரு தவமணி. சாலிகிராமத்துல யாருகிட்ட வேணா கேட்டுப்பாரு, 'டம்மி தவமணி'ன்னா தெரியும். ஆளு டம்மி இல்ல, செய்யிற சாமான் டம்மி.

போன காட்டு, பாப்போம். ஓ, இதா? டாக்டிகல் ஷாட்கன். குழலுக்குப் பக்கத்துல லைட்டு, தோள்ல மாட்ட வார். திரும்பிப் பாரு, செவுத்துல தொங்குதுல்ல, அதேதான். எடு, எடுத்துப் பாரு. கனமே இல்லையா? உடம்பு மலைவேம்புக் கட்டை. குழல் பிளம்பிங் பைப்பு. முன்னால பிடி இருக்குல்ல, அதப் பின்னால இழு. 'கிளிச் கிளிச்'னு வருதா? உள்ள இருக்குறது கதவுத் தாப்பா. அந்த லைட்டு ரிச்சி தெருவுல வாங்குன டார்ச்சு. அதப் புடிச்சிருக்குற கிளாம்பு மோட்டார் சைக்கிள் கண்ணாடிக்குப் போடுறது. வார் புதுப்பேட்டையில ஒடச்ச ஒரு கார்ல கெடந்த சீட் பெல்ட்டு. ஆனா கேமராவுல பாத்தியன்னா அமெரிக்காக்காரனே கையத் தூக்கிருவான்.

என்னது, வார் வேணாமா? கழட்டிக் குடுக்கணுமா?

கழட்ட முடியாதும்மா. நல்லாப் பாரு, கொக்கி இல்ல, தச்சிருக்கு. வாரையும் கட்டையையும் சேத்து மெழுகு நூல்ல தச்சிருக்கு. பிரிக்கவும் கூடாது. ஏன்னா? அது ஒரு கத. உனக்கு அவசரமில்லையே? டைரக்டர் காத்துக்கிட்டு இருப்பாரா? டைரக்டருன்னா காத்துக்கிட்டுத்தான் இருக்கணும். நீ உக்காரு.

வெளிய ஹாரனா? அது ஒண்ணுமில்ல, எதுத்த வீட்டுக்குத் தண்ணி கேன் போடுறவன். அடிச்சுக்கிட்டேதான் கெடப்பான்.

எனக்கு ஒரு தங்கச்சி, பேச்சி. அவ புருஷன் ஜெயவீரன். எனக்கு மாப்ள முறை. அவன் காஸ்ட்யூமர். இப்ப பெரிய ஹீரோக்கு எல்லாம் அவன்தான் சட்ட மாட்டி விடுறான். அவனுக்கு யாரு சினிமாவக் காட்டுனது? நான். சாத்தூர்ல பாவாட நாடா கோத்துக்கிட்டு இருந்தவன, 'வாடா மாப்ள'ன்னு கூட்டிட்டு வந்து யூனியன் கார்டு வாங்கிக் குடுத்தது யாரு? நான். இதெல்லாம் நான் சொல்லிக் காட்ட மாட்டேன். அது என் பழக்கமில்ல. அவனுக்கே தெரியும், அவன் பொண்டாட்டிக்குத் தெரியும், யூனிட்டுல எல்லாருக்கும் தெரியும், இப்ப உனக்கும் தெரிஞ்சுபோச்சு.

மூணு வருஷத்துக்கு முன்னால மாங்காட்டுப் பக்கம் வீடு கட்டுனான். கட்டட்டும், சந்தோஷம். பால் காய்ச்ச நாள் குறிச்சான். என்னை எப்படிக் கூப்பிட்டாங்குற? போன்ல. பொறந்த வீட்டுல இருந்து சீர் கொண்டுட்டு வரவேண்டிய அண்ணன, கேஸ் சிலிண்டர் புக் பண்ணுற மாதிரி போன்ல கூப்பிடுறான். புருஷனும் பொண்டாட்டியுமா தட்டுல வெத்தல பாக்கு பழம் வச்சு, வீடு தேடி வந்துல்ல கூப்பிடணும்? நான் அப்ப பொள்ளாச்சியில அவுட்டோர்ல இருந்தேன்தான். ரெண்டு மாசம் ஊர்லயே இல்லதான். அதனால? பொள்ளாச்சிக்கு பஸ்ஸே போகலையா?

நல்லாக் கேட்டுட்டேன் போன்லயே. 'இனிமே என் வாசப்படிய மிதிச்சே, காலு இருக்காது'ன்னு சொல்லிட்டேன். நான் அப்படித்தான் பேசுவேன். கோவத்துல ரெண்டு வார்த்த வரும், சாயங்காலம் மறந்துருவேன். எல்லாருக்கும் தெரியும். ஆனா அவன் என்ன பண்ணான்? வரவே இல்ல. ஒரு தீவாளி இல்ல, ஒரு பொங்கல் இல்ல. பேச்சியும் வரல. 'எம் புருஷன் வராத வீட்டுக்கு நான் எதுக்கு'ன்னுட்டா. எம்புட்டு நெஞ்சழுத்தம் பாரு.

என்ன சிரிக்கிற? நான்தானே வராதன்னு சொன்னேங்கிறியா? சொன்னேன். வராதன்னு சொன்னா வராமயே இருந்துருவானா ஒரு மனுஷன்?

சரி, கதைக்கு வருவோம். போன மாசம் ஒரு படம். மாதவரத்துல பழைய கோடவுன் ஒண்ணு புடிச்சிருந்தாங்க. சீன் என்னன்னா, உள்ள கும்மிருட்டு. ஹீரோ முதுகுல துப்பாக்கி தொங்குது. மெதுவா உள்ள வர்றாரு, வாரை ஒரு சுண்டு சுண்டுனா துப்பாக்கி முன்னால வருது, கட்டை விரலால ஸ்விட்ச அமுக்குனா லைட்டு எரியுது, அந்த வெளிச்சத்துல வில்லன் மூஞ்சி. அம்புட்டுத்தான். டைரக்டர் என்கிட்ட, 'தவமணி அண்ணே, இதுக்குன்னே பாம்பேல இருந்து வாடகைக்குத் துப்பாக்கி எடுக்கவா'ன்னு கேட்டாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. 'பாம்பேக்காரனுக்கு ரெண்டு கைதான், எனக்கும் ரெண்டு கைதான்'னு சொல்லிட்டு செஞ்ச துப்பாக்கிம்மா இது. வாரை மாட்ட முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு நாய்ச் சங்கிலிக் கொக்கி போட்டிருந்தேன். நல்ல கொக்கி. அல்சேஷனே இழுத்தாலும் விடாது.

காலையில கொண்டு போயி வைக்கிறேன். மொத ஆளா வந்து நின்னது தேசிங்கு. லைட்மேன். நல்ல மனுஷன், ஆனா யூனியன் விஷயத்துல ஒரு இஞ்ச் விட மாட்டான். 'இன்னாண்ணே, இதுல லைட்டு கீது?'ன்னான். 'ஆமா'ன்னேன். 'அப்ப அது நம்ம டிபார்ட்மெண்ட்டு'ன்னான்.

'தேசிங்கு, இது துப்பாக்கி. ப்ராப்பர்ட்டி. என் டிபார்ட்மெண்ட்டு'ன்னு சொன்னேன்.

'துப்பாக்கி உன்து. யாரு இல்லன்னது? எரியறது நம்மள்து. செட்டுல எது எரிஞ்சாலும் நம்ம ஆளுதான் போடணும்.'

'குத்துவிளக்கு எரியுதே, அது யாரு ஏத்துறா? நான்தானே?'

'அது எண்ண. இது கரண்டு.'

'இது பேட்டரிய்யா!'

'பேட்டரில இன்னாண்ணே இருக்குது, பாயாசமா?'

கடைசியில பஞ்சாயத்து ஆயி, ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால தேசிங்கு வந்து பேட்டரி போடுறது, ஷாட்டு முடிஞ்சா அவனே எடுக்குறதுன்னு முடிவாச்சு. எரிய வைக்கிறது ஹீரோ விரலு. அதுக்கு யூனியன் இல்ல.

சரி, ஒழிஞ்சுச்சுன்னு பாத்தா, பின்னால ஒரு தொண்டக் கனைப்பு. யாரு? ஜெயவீரன். கழுத்துல இஞ்ச் டேப்பு, காலர்ல ஊசி. என்னப் பாக்கல. தேசிங்கப் பாத்துச் சொல்றான்: 'தேசிங்கு, அண்ணன்ட்ட சொல்லு. அந்த வார் ஹீரோ ஒடம்புல படுது. ஒடம்புல படுறது எல்லாம் காஸ்ட்யூம்.'

எனக்கு வந்துச்சு பாரு கோவம். நானும் தேசிங்கப் பாத்துச் சொன்னேன்: 'அவர்ட்ட சொல்லு. வாரோட ஒரு நுனி ஹீரோ மேல இருந்தா இன்னொரு நுனி என் துப்பாக்கியில இருக்கு. அப்பச் சட்டையும் ப்ராப்பர்ட்டின்னு நான் சொல்லவா?'

தேசிங்கு ரெண்டு பேத்தையும் மாறி மாறிப் பாத்தான். 'நான் லைட்மேனா, போஸ்ட்மேனா?'ன்னான்.

அப்புறம் மேனேஜர் வந்து வெட்டி விட்டாரு. வார் ஹீரோ தோள்ல இருக்குற வரைக்கும் காஸ்ட்யூம். துப்பாக்கி என் கையில. ஷாட்டு ரெடின்னதும் அவன் வாரைப் புடிச்சுக்கணும், நான் துப்பாக்கியப் புடிச்சுக்கணும், ரெண்டு பேரும் கிட்ட வந்து கொக்கிய மாட்டணும். மூணு வருஷமா மூஞ்சி குடுத்துப் பேசாத ரெண்டு பேரு, நடுவுல பேட்டரியோட தேசிங்கு. ஒவ்வொரு ஷாட்டுக்கும் மூணு பேரும் ஹீரோவச் சுத்தி நின்னு ஆளுக்கொண்ணு மாட்டுறோம். ஹீரோ கைய விரிச்சுக்கிட்டு, 'எனக்கு அலங்காரம் முடிஞ்சா திரைய எடுங்கப்பா'ங்குறாரு. யூனிட்டே சிரிக்குது. நான் சிரிக்கல. அவனும் சிரிக்கல.

இதுல இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். அதுதான் முக்கியம். அதுக்கு முந்தின நாள் காலையில டிபன் சாப்பிடுற இடத்துல தேசிங்கு என்கிட்ட வந்து, 'இன்னாண்ணே, கல்யாணத்துக்கு வேன் எத்தினி மணிக்குக் கெளம்புது?'ன்னான். 'எந்தக் கல்யாணம்?'னேன். 'இன்னா இப்டி கேக்குற? உன் தங்கச்சி பொண்ணு கல்யாணம்தான்'னு சட்டப் பையில இருந்து பத்திரிகைய எடுத்துக் காட்டுறான்.

அபிநயா கல்யாணம். ஆவணியில. மேக்கப்மேனுக்குக் குடுத்திருக்கான், டீ குடுக்குறவருக்குக் குடுத்திருக்கான், ஜெனரேட்டர் வண்டி டிரைவருக்குக் குடுத்திருக்கான். எனக்கு இல்ல. அந்தப் புள்ளைக்கு நான் தாய்மாமன்ம்மா. மொட்ட போட்டப்ப என் மடியில உக்காந்து என் சட்டையெல்லாம் நனைச்ச புள்ள. காது குத்துனப்ப என் விரலக் கடிச்ச புள்ள. இங்கன பாரு, இந்த விரலுதான். மணமேடைக்கு யாரு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்? மாமன். மாமன் சேல யாரு எடுக்கணும்? எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. கூப்பிடலேன்னா போக மாட்டேன், அவ்வளவுதான். வேல கெடக்கு எனக்கு.

அந்தப் பொட்டிய எதுக்குப் பாக்குற? அதுல அரக்கு கலர்ல ஒரு பட்டுச்சேல இருக்கு. கல்யாணச் சேதி கேள்விப்பட்ட அன்னிக்கு சாயங்காலம் தி.நகர் போயி வாங்குனேன். ஷூட்டிங்குக்கு. எந்தப் படமா? ஏதோ ஒரு படம். எதுலயாவது தேவப்படும்ல. நீ ஏம்மா எல்லாத்தையும் கேக்குற?

சரி. மத்தியானச் சாப்பாடு முடிஞ்சுச்சு. தேசிங்கு பேட்டரி மாத்தணும்னு லைட்டக் கழட்டிட்டான். நான் திரும்ப மாட்டுனேன். மனசு எங்கயோ இருந்துச்சு. காலையில குழலுக்கு இடது பக்கம் இருந்த லைட்ட, வலது பக்கம் மாட்டிட்டேன். மனுஷன்தானே நான். அந்தப் பக்கம் ஜெயவீரன் என்ன பண்ணான் தெரியுமா? காலையில ஹீரோக்கு வலது தோள்ல போட்ட வாரை, இப்ப இடது தோள்ல போட்டு விடுறான்! நான் பாத்தேன். பாத்த ஒடனே தெரிஞ்சுபோச்சு. சொன்னேனான்னு கேக்குறியா? நான் எதுக்குச் சொல்லணும்? வார் யாரு டிபார்ட்மெண்ட்டு? காலையில அவன்தானே சொன்னான், காஸ்ட்யூம்னு? படட்டும்னு விட்டுட்டேன். டைரக்டர்ட்ட வாங்கிக் கட்டிக்கட்டும்.

ஆனா அவன் பண்ணதுதாம்மா அநியாயம். லைட்டு பக்கம் மாறியிருக்கறத அவனும் பாத்திருக்கான். பாத்துட்டு வாயத் தொறக்காம நிக்கிறான்! கண்ணு முன்னால தப்பு நடக்குது, ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சா போயிரும்? இப்படியும் ஒரு வன்மம் இருக்குமா ஒருத்தனுக்கு?

எது எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு குறிச்சு வச்சுக் கன்டினியூட்டி பாக்குற புள்ளைக்கு அன்னிக்குக் காய்ச்சல், வரல. மத்தியானம் முழுக்க ஷாட்டு மேல ஷாட்டா எடுத்துத் தள்ளிட்டாங்க. டீ வந்த நேரத்துல டைரக்டர் மானிட்டர்ல காலையில எடுத்ததையும் இப்ப எடுத்ததையும் ஒண்ணா ஓட்டிப் பாக்குறாரு. அப்படியே நின்னுட்டாரு. 'என்னய்யா இது, ஹீரோ கண்ணாடிக்குள்ள போயிட்டாரா?'ன்னாரு. லைட்டு அந்தப் பக்கம், வார் இந்தப் பக்கம். அப்படியே நேர்மாறா இருக்கு. ஒருத்தன் சொன்னான், 'சார், படத்தத் திருப்பிப் போட்டா சரியாயிரும்.' பின்னால அடுக்கியிருக்கற சிமெண்ட் மூட்டையில எழுத்தெல்லாம் என்ன ஆகும்? அதுவும் திரும்பிக்கும். அறிவாளி.

டைரக்டருக்கு மூஞ்சி செவந்துருச்சு. ஆறு மணிக்குக் கோடவுன் பூட்டிருவாங்க. மறுநாள் கெடையாது, வேற யாருக்கோ விட்டாச்சு. துப்பாக்கியத் தூக்கி மேஜ மேல டமார்னு போட்டாரு. 'இந்தத் துப்பாக்கியே வேணாம்ய்யா! பாம்பேல சொல்லியிருக்கணும் நான்'னாரு. போட்ட வேகத்துல பின்னால கொக்கி மாட்டுற வளையம் கட்டையில இருந்து பேந்து வந்துருச்சு. ஓட்ட பெருசாயிருச்சு. இனிமே திருகுனா நிக்காது.

நான் துப்பாக்கியக் கையில எடுத்தேன். வளையத்தத் திரும்ப ஓட்டையில வச்சு அமுக்கிப் பாத்தேன், நிக்கல. செஞ்ச சாமான் கண்ணு முன்னால ஒடஞ்சா யாருக்கா இருந்தாலும் மனசு கேக்காது. சுத்தி அம்புட்டுப் பேரு நிக்கிறாங்க.

அப்பப் பக்கத்துல ஒரு குரல். 'மச்சான், புடிங்க.'

தேசிங்குட்ட சொல்லல. நேரா என்கிட்ட. காலர்ல இருந்து ஊசிய எடுத்துட்டான். 'கட்டையில முன்னாலயும் பின்னாலயும் ஓட்ட போடுங்க மச்சான். வாரச் சுத்தி விட்டுத் தச்சுருவோம். கொக்கி வேணாம்.'

டிரில்ல எடுத்து ஓட்ட போட்டேன். அவன் மெழுகு நூல்ல தைக்க ஆரம்பிச்சான். நான் கட்டையப் புடிச்சுக்கிட்டேன். தேசிங்கு கேக்காமலே ஒரு லைட்டத் தூக்கிட்டு வந்து எங்க தலைக்கு மேல புடிச்சான். ஊசி உள்ள போகுது, நான் அந்தப் பக்கம் குறடால இழுக்குறேன், திரும்ப அவன் பக்கம் தள்ளுறேன். அவன் கைய அவ்வளவு கிட்டத்துல பாத்து மூணு வருஷமாச்சு. நரச்சுப்போச்சும்மா, கையில இருக்குற முடியெல்லாம்.

'மச்சான்'ங்குறான், தச்சுக்கிட்டே.

'ம்.'

'ஆவணியில அபிக்குக் கல்யாணம்.'

'தெரியும். ஜெனரேட்டர் டிரைவருக்கே பத்திரிக வந்துருச்சே.'

'உங்க வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னுட்டீங்க. நான் எப்படி வந்து கூப்பிடுவேன்? மறுபடியும் போன்ல கூப்பிட்டா வெட்டிப் போட்டுருவீங்க. பேச்சி தெனம் அழுவுறா. நான் என்னதான் மச்சான் பண்ண?'

'வாயப் பாக்காம தை. மணி ஆகுது'ன்னேன். துண்டால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டேன். கோடவுன்ல ஒரே சிமெண்ட்டுத் தூசி.

லைட்ட எடுத்து நான் இடது பக்கம் மாட்டுனேன். 'இன்னும் கொஞ்சம் முன்னால மச்சான், காலையில அங்கதான் இருந்துச்சு'ன்னான். 'அந்த வார வலது தோள்ல போடு மாப்ள'ன்னேன். ரெண்டு பேருக்கும் எல்லாம் தெரிஞ்சுதான் இருந்திருக்கு பாரு! ஹீரோ ஓடி வந்து நின்னாரு. இப்ப வாரையும் துப்பாக்கியையும் பிரிக்க முடியாது, ரெண்டு பேருமாத் தூக்கி மாட்டி விட்டோம். தேசிங்கு பேட்டரியப் போட்டான். மத்தியானம் எடுத்ததெல்லாம் மறுபடி எடுத்து, கோடவுன்காரன் சாவியோட வந்து நிக்கிறப்ப கடைசி ஷாட்டு ஓகே. அந்த ஷாட்டு டீஸர்லயே வருதாம். பாத்துருப்பியே?

கத முடியலம்மா, இரு. பேக்கப் சொன்னதும் நான் என் சாமானெல்லாம் பொட்டியில அடுக்கப் போறேன். போனா, என் பொட்டி தொறந்து கெடக்கு. எனக்குப் பத்திக்கிட்டு வருது. இத்தன வருஷத்துல என்னைக் கேக்காம என் பொட்டியத் தொட்டவன் கெடையாது. யார்றா அதுன்னு திரும்புறேன், ஜெயவீரன் நிக்கிறான். கையில என்னோட தாம்பூலத் தட்டு. கல்யாண சீனுக்கெல்லாம் கொண்டு போவேன்ல, அலுமினியத்துல வெள்ளிக் கலர் அடிச்சது, அதுதான். தட்டுல என்னோட மெழுகு வாழப்பழம் ஒரு சீப்பு. என்னோட பிளாஸ்டிக் ஆப்பிள் ரெண்டு. வெத்தல மட்டும் நெசம், தேசிங்கு மடியில இருந்து வாங்கியிருக்கான். அதுக்கு மேல பத்திரிக.

'இங்க வாசப்படி இல்ல மச்சான்'ங்குறான். 'அதான் இங்கயே கூப்பிடுறேன். அபி கல்யாணத்துக்கு மாமனா வந்து முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்.' சொல்லிட்டுத் தட்ட நீட்டுறான்.

யூனிட்டே பாத்துக்கிட்டு நிக்குது. தேசிங்கு பேக்கப் ஆன லைட்ட மறுபடி போட்டு எங்க ரெண்டு பேரு மேலயும் அடிக்கிறான், 'நம்ம டிபார்ட்மெண்ட்டு'ன்னு சொல்லிக்கிட்டே.

நான் பழத்தப் பாத்தேன். புள்ளியே இல்லாத வாழப்பழம். மெழுகுல நான் புள்ளி வைக்க மாட்டேன், கேமராவுல அழுகுன மாதிரி தெரியும். 'ஏன்யா, தாய்மாமன மெழுகுப் பழத்துல கூப்பிடுற ஊரு எந்த ஊருய்யா?'ன்னு கேட்டேன். கேட்டுட்டுத் தட்ட வாங்கிக்கிட்டேன். வாங்காம? சந்தோஷமா இருந்துச்சும்மா. வயிறு நெறஞ்ச மாதிரி இருந்துச்சு. என் சம்சாரத்துட்ட வந்து சொன்னா, 'அப்பாடா, இனிமே நான் திருட்டுத்தனமா மாங்காட்டுக்கு பஸ் ஏற வேணாம்'ங்குறா. மூணு வருஷமாப் போயிட்டு வந்துக்கிட்டு இருந்திருக்கா பாரு! இப்பவும் அங்கதான், கல்யாண வேலைக்கு.

ஆனா ஒண்ணு. அன்னையில இருந்து பாக்குற எடத்துல எல்லாம் அவன விடுறதில்ல. 'மெழுகுப் பழ மாப்ள'ன்னுதான் கூப்பிடுறது. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? கோடவுன்ல வச்சு டம்மித் தட்டுல கூப்பிட்டது ஒரு கூப்பிடுதலா? வீடு தேடி வரணும். பேச்சியும் சேந்து வரணும். நெசப் பழத்தோட வரணும். புதன்கிழம கல்யாணம், இன்னிக்குத் தேதிக்கு இன்னும் வரல. நான் போகத்தான் போறேன். இருந்தாலும் மனசுல ஒரு ஓரத்துல கெடக்குல்ல?

என்ன, உனக்கும் துப்பாக்கி புதன்கிழமதான் வேணுமா? எடுத்துக்கோ. நான் வர முடியாது. மாமன் வேல இருக்கு எனக்கு. வார மட்டும் பிரிக்காத. வேணாம்னா ஹீரோ முதுகுப் பக்கம் மறச்சு எடுத்துக்கோ.

இன்னுமா அந்த ஹாரன்? தண்ணி கேன்காரன் போயிருப்பானே. நீ கொஞ்சம் சன்னல் வழியா எட்டிப் பாரும்மா. என்னது, தண்ணி வண்டி இல்லையா? டிவிஎஸ்ஸா? நீலமா? நம்ம கேட்டுக்கு வெளியவா? பின்னால ஒரு பொம்பள உக்காந்திருக்கா? கையில என்ன வச்சிருக்கா? தட்டா?

இரு இரு. தட்டுல பழம் இருக்கா? வாழப்பழமா? நல்லாப் பாத்துச் சொல்லு தாயி. மஞ்சளா மொழுமொழுன்னு இருக்கா, புள்ளி விழுந்திருக்கா? புள்ளி விழுந்திருக்கா? அப்ப நெசம்தான்!

அடப் பாவி, நீ வந்ததுல இருந்தா வெயில்ல நிக்கிறான்? தொறந்து கெடக்குற கேட்டுக்கு முன்னால நின்னு எதுக்கு ஹாரன் அடிக்கிறான்? உள்ள வர்றதுக்கு என்னவாம்? கேளு, நீயே கேளு.

என்ன சொல்றான்?

'மச்சான் இன்னும் சொல்லல'ங்கிறானா? என்ன சொல்லல? நான் என்னத்தச் சொல்லணும்? கல்யாணத்துக்கு வர்றேன்னுதான் அன்னிக்கே…

ஓ.

அதையா? அத இன்னுமா வச்சுக்கிட்டு இருக்கான்? மூணு வருஷம்… கிறுக்குப் பய. நான் சாயங்காலமே மறந்துட்டேனேம்மா. அவன்ட்டச் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லையே.

தள்ளு, கொஞ்சம் தள்ளு. அந்தத் துப்பாக்கியக் கீழ வையி. தேசிங்கு இருந்தா இப்ப லைட்டு போடுவான்.

யோவ் மாப்ள! ஜெயவீரா! ஏன்யா தெருவுல நிக்கிற, உள்ள வாய்யா. பேச்சி, நீயும்தான், எறங்கு. என்னத்துக்கு இப்ப அழுவுற, தட்டு சாயுது பாரு. செருப்பெல்லாம் கழட்ட வேணாம், அப்படியே வாங்க. மாப்ள, என்னய்யா தாண்டப் பாக்குற? படியத் தாண்டாத. நல்லா மிதிச்சே வா.